ஒரு வண்டிக்கு எத்தனை சாரதி? மோட்டார் மன்னர் ஹென்றி போர்டின் கதை

உலகத்தையே மோட்டார் காரில் ஏற்றி வைத்தவர், ஹென்றி போர்டு.

அவருக்கு முன்னால், கார் என்பது பணக்காரர்களின் விளையாட்டுச் சாமான். அவருக்குப் பின்னால், விவசாயியின் வீட்டு வாசலிலும் கார் நின்றது.

ஒரே மாதிரி காரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து விற்றவர் அவர். சென்னைக்கு அருகே மறைமலை நகரில்கூட, 2022 வரை அவர் பெயரில் கார்கள் தயாராகி வந்தன.

இந்தக் கதை பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாத கதை ஒன்றும் உண்டு.

கார் செய்வது போர்டுக்குக் கடினமாக இருக்கவில்லை. கம்பெனியில் கடைசி வார்த்தை யாருடையது? இந்தக் கேள்விதான் அவரை வாழ்நாள் முழுவதும் துரத்தியது.

அதனால் இரண்டு கம்பெனிகளை இழந்தார். மூன்றாவது கம்பெனியில் கூட்டாளிகளை இழந்தார். கடைசியில், ஒரே மகனின் வாழ்வும் அதனால் கசந்து போயிற்று.

பண்ணைச் சிறுவன்

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம். அங்கே டியர்பார்ன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீடு. அந்த வீட்டில் 1863-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி ஹென்றி போர்டு பிறந்தார்.

தந்தை வில்லியம், அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய விவசாயி. மகனும் தன்னைப் போல் ஏர் பிடிப்பான் என்று அவர் நினைத்தார்.

மகனுக்கு மண்ணில் மனம் ஒட்டவில்லை. கடிகாரம் எங்கே கிடைத்தாலும் அதைப் பிரித்துப் பார்ப்பான். மறுபடி பூட்டி ஓடவிடுவான். அக்கம்பக்கத்தார் கெட்டுப்போன கடிகாரங்களை அவனிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஹென்றிக்கு 12 வயது நடக்கும்போது தாய் இறந்துவிட்டாள். அது 1876-ம் ஆண்டு. அதே ஆண்டில், குதிரை இல்லாமல் தானே சாலையில் உருண்டு வரும் நீராவி வண்டி ஒன்றைப் பார்த்தான். அன்று கண்ட காட்சி, சாகும் வரை அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

16 வயதில் டெட்ராய்ட் நகருக்குப் போனார். இயந்திரப் பட்டறையில் சேர்ந்து தொழில் பழகினார். 1888-ல் கிளாரா என்ற பெண்ணை மணந்தார். 1891-ல் எடிசன் மின்சாரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் தலைமை என்ஜினீயர் ஆனார்.

சமையல் அறையில் என்ஜின்

1893-ம் ஆண்டு. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு.

கிளாரா பண்டிகைச் சமையலில் இருந்தாள். கைக்குழந்தை எட்சல் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

போர்டு ஒரு சின்ன என்ஜினைத் தூக்கிக்கொண்டு சமையல் அறைக்குள் வந்தார். பாத்திரம் கழுவும் தொட்டியில் அதை இறுக்கிக் கட்டினார். மனைவியைச் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் விடச் சொன்னார். சக்கரத்தைச் சுழற்றினார். என்ஜின் படபடவென்று ஓடியது!

அதற்குப் பிறகு இரண்டரை ஆண்டு உழைத்தார். 1896-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி, விடியுமுன்னே, முதல் வண்டி தயாராகிவிட்டது. சைக்கிள் சக்கரம் போன்ற நான்கு சக்கரங்கள் கொண்ட வண்டி அது.

ஆனால் கொட்டகையின் கதவு சிறியது. வண்டி வெளியே வரவில்லை. போர்டு கோடரியை எடுத்தார். செங்கல் சுவரை உடைத்து வழி செய்தார். வண்டியை ஓட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்.

அந்த ஆண்டிலேயே விஞ்ஞானி எடிசனைச் சந்தித்தார். எடிசன் அவருடைய யோசனையைக் கேட்டு, விடாமல் முயலும்படி உற்சாகம் தந்தார். சொந்த மூளையும் இருந்தது. பெரியவர் வாழ்த்தும் கிடைத்தது. பணம்தான் இல்லை.

பணம் போட ஆள் வந்தார்கள். தொல்லையும் கூடவே வந்தது.

முதல் கம்பெனி போயிற்று

1899-ம் ஆண்டு ஆகஸ்டில் டெட்ராய்ட் ஆட்டோமொபைல் கம்பெனி பிறந்தது. மர வியாபாரி வில்லியம் மர்பி முதலிய பெரிய மனிதர்கள் பணம் போட்டார்கள். போர்டு, மின்சாரக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதில் சேர்ந்தார்.

பணம் போட்டவர்களுக்கு, வண்டி சீக்கிரம் விற்க வேண்டும். போர்டுக்கோ, வண்டி குற்றம் குறை இல்லாமல் இருக்க வேண்டும்.

இரண்டும் நியாயமான ஆசைதான். ஆனால், வண்டி தயாராகிவிட்டது என்று சொல்ல வேண்டியவர் யார்? செய்கிறவரா, பணம் போட்டவரா? அது தீரவில்லை.

அவர்கள் அவசரப்படுத்தினார்கள். இவர் மேலும் மேலும் மாற்றிக்கொண்டே இருந்தார். சுமார் 20 வண்டிகள்தான் வெளியே வந்தன. 1901-ம் ஆண்டு ஜனவரியில் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள்.

இரண்டாவதும் போயிற்று

போர்டு சோர்ந்துவிடவில்லை. பந்தயக் கார் ஒன்று செய்தார். 1901 அக்டோபரில், புகழ்பெற்ற பந்தயக்காரர் அலெக்சாந்தர் விண்டனைத் தோற்கடித்தார். போர்டின் பெயர் நாடெங்கும் பரவியது.

அடுத்த மாதமே, அதே மர்பியும் நண்பர்களும் மறுபடி பணம் போட்டார்கள். இந்தத் தடவை கம்பெனிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: ஹென்றி போர்டு கம்பெனி. அவருக்கு ஆறில் ஒரு பங்கு கொடுத்தார்கள்.

பலகையில் பெயர் அவருடையது. அதிகாரம் அவருடையது அல்ல.

பந்தயக் காரிலேயே அவர் நாட்டம் போயிற்று. விற்பனைக்கு ஏற்ற காரை முதலாளிகள் கேட்டார்கள். அவரை மேற்பார்க்க ஹென்றி லேலண்ட் என்ற அனுபவசாலியைக் கொண்டுவந்தார்கள். தன் பெயர் கொண்ட கம்பெனியில், தன் தலைக்கு மேல் இன்னொருவரா? போர்டுக்குப் பொறுக்கவில்லை.

1902 மார்ச்சில் வெளியேறினார். கையில் 900 டாலர். தன் பெயரை இனிமேல் அந்தக் கம்பெனி பயன்படுத்தக் கூடாது என்ற ஒப்பந்தமும் வாங்கிக்கொண்டார்.

அந்தக் கம்பெனிதான் வேறு பெயர் சூடிக் கொண்டது. இன்றும் உலகப் புகழோடு இருக்கும் காடிலாக் கார் அப்படிப் பிறந்ததுதான்.

கரி வியாபாரியின் கூட்டு

அலெக்சாந்தர் மால்கம்சன் என்பவர் டெட்ராய்ட் நகரின் நிலக்கரி வியாபாரி. துணிச்சல்காரர். 1902-ல் அவர் போர்டுடன் கூட்டுச் சேர்ந்தார்.

1903-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி, போர்டு மோட்டார் கம்பெனி பதிவாயிற்று.

பங்குகள் மொத்தம் 1,000. போர்டுக்கு 255. மால்கம்சனுக்கும் 255. மீதியைப் பத்துப் பேர் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். ரொக்கமாக வந்த பணம் 28,000 டாலர்தான்.

மால்கம்சனின் உறவினரும் பாங்கி முதலாளியுமான ஜான் கிரே தலைவர். போர்டு உப தலைவர். மால்கம்சன் பொருளாளர். மால்கம்சனிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஜேம்ஸ் கசன்ஸ், காரியதரிசி.

என்ஜின் செய்து கொடுக்கும் டாட்ஜ் சகோதரர்களுக்கு ஆளுக்கு 50 பங்கு. கசன்ஸின் தங்கை ரொசெட்டா, பள்ளி ஆசிரியை. அண்ணனை நம்பி அவளும் 100 டாலர் கொடுத்தாள்.

ஜூலை மாதம் 10-ந் தேதி. பாங்கியில் மிச்சம் இருந்த பணம் 223 டாலர் 65 சென்ட்! கம்பெனி மூழ்கிவிடுமோ என்று எல்லோரும் நடுங்கினார்கள்.

ஐந்து நாள் கழித்து, சிகாகோ நகரத்துப் பல் டாக்டர் ஒருவர் 850 டாலர் அனுப்பி ஒரு கார் வாங்கினார். அதற்குப் பிறகு பணம் ஓடி வந்தது. முதல் 15 மாதத்தில் சுமார் 1,700 கார்கள் விற்றன.

இரண்டு சமபங்குக்காரர்கள்

வறுமையில் இல்லாத சண்டை, லாபம் வந்ததும் வந்தது.

மால்கம்சன், பணக்காரர்களுக்கான பெரிய கார் செய்ய வேண்டும் என்றார். விலை அதிகம், லாபம் அதிகம் என்பது அவர் கணக்கு. போர்டு, சாதாரண மக்களுக்கான சின்னக் கார் செய்ய வேண்டும் என்றார். விலை குறைந்தால் வாங்குவோர் பெருகுவர் என்பது இவர் கணக்கு.

இருவருக்கும் சமமான பங்கு. எந்தக் காரைச் செய்வது என்று முடிவு செய்ய வேண்டியவர் யார் என்று எந்தத் தாளிலும் தெளிவாக எழுதவில்லை.

விளைவு என்ன? இரண்டையும் செய்தார்கள்! ஒரு பக்கம் 2,000 டாலர் கார். மறுபக்கம் 800 டாலர் கார். ஒரே தொழிற்சாலை, இரண்டு திசை நோக்கி ஓடியது.

மால்கம்சன் இன்னொரு காரியமும் செய்யப் பார்த்தார். கசன்ஸை விலக்கிவிட்டு, நிர்வாகத்தைத் தானே ஏற்க விரும்பினார். தான் சம்பளம் கொடுத்த கணக்குப்பிள்ளை, இப்போது தன்னையே கேள்வி கேட்கிறான் என்ற கோபம்! ஆனால் கசன்ஸ் போர்டின் பக்கம் சேர்ந்துவிட்டார். தலைவர் கிரேயும் கசன்ஸை விலக்கச் சம்மதிக்கவில்லை.

தந்திரம்

1905-ம் ஆண்டு இறுதியில் போர்டும் கசன்ஸும் ஒரு தந்திரம் செய்தார்கள்.

போர்டு உற்பத்திக் கம்பெனி என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார்கள். சின்னக் காருக்கு வேண்டிய என்ஜினும் பாகங்களும் அங்கே தயாராகும். அவற்றைப் பழைய கம்பெனிக்கு விலைக்கு விற்பார்கள். மால்கம்சனுக்குப் புதிய கம்பெனியில் பங்கு கிடையாது.

பாகங்களின் விலையைக் கூட்டினால், லாபம் எல்லாம் புதிய கம்பெனிக்குப் போய்விடும். பழைய கம்பெனியில் மால்கம்சனுக்கு மிஞ்சுவது வெறும் ஓடுதான்!

ஆத்திரமடைந்த மால்கம்சன், ஏரோகார் என்ற பெயரில் போட்டிக் கம்பெனி தொடங்கினார். அதுவே அவருக்கு வினையாயிற்று. போட்டியாளர் எப்படி நம் டைரக்டராக இருக்கலாம் என்று மற்றவர்கள் கேட்டார்கள்.

1906 ஜூலையில் மால்கம்சன் தன் பங்குகளைப் போர்டிடம் 1,75,000 டாலருக்கு விற்றுவிட்டு விலகினார். அதே மாதத்தில் கிரே காலமானார். வேறு சிலரும் விற்றுவிட்டுப் போனார்கள்.

போர்டு தலைவர் ஆனார். நூற்றுக்கு 58½ பங்கு அவர் கைக்கு வந்தது. இப்போது வண்டிக்கு ஒரே சாரதி.

பொற்காலம்

1908-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி, டி மாடல் கார் வெளிவந்தது. விலை 850 டாலர். சேறு, மேடு, பள்ளம் எதிலும் போகும். பழுதானால் விவசாயியே சரிசெய்து கொள்ளலாம்.

1913-ல் நகரும் வரிசை வந்தது. அதாவது, தொழிலாளி வண்டியைத் தேடிப் போக மாட்டார். வண்டி அவர் முன்னால் நகர்ந்து வரும். ஒருவருக்கு ஒரே வேலை. முன்பு ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டிமுடிக்கப் பன்னிரண்டரை மணி நேரம் ஆயிற்று. 1914-ல் அதே வேலை 93 நிமிஷத்தில் முடிந்தது!

1914 ஜனவரியில், நாள் ஒன்றுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தார்கள். வேலை நேரம் 8 மணி. அதற்கு முன் இருந்த கூலியைப் போல் இது இரண்டு மடங்கு. உலகமே வாய் பிளந்தது.

இந்தப் பொற்காலத்தின் இரகசியம் என்ன? பட்டறை போர்டுக்கு, பணப் பெட்டி கசன்ஸுக்கு. கார் எப்படி இருக்க வேண்டும் என்பதில் கசன்ஸ் தலையிட மாட்டார். கணக்கு, விற்பனை, வரவு செலவு ஆகியவற்றைப் போர்டு அவரிடமே விட்டிருந்தார். இருவரும் முன்கோபக்காரர்கள். ஆனாலும் அவரவர் வரப்புக்குள் அவரவர் உழுதார்கள்.

வரப்பு அழிந்தது

வாய்ப் பேச்சாகப் போட்ட வரப்பு எத்தனை நாள் நிற்கும்?

ஐந்து டாலர் கூலி யார் யோசனை என்பதிலேயே பின்னால் இரு தரப்பும் உரிமை கொண்டாடின.

1915-ல் ஐரோப்பாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. போர்டு யுத்தத்தை எதிர்த்தார். அந்தக் கருத்தைக் கம்பெனிப் பத்திரிகையில் போட விரும்பினார். கசன்ஸ் கனடாவில் பிறந்தவர். பிரிட்டனின் பக்கம் நின்றவர். கம்பெனிப் பத்திரிகையில் அரசியல் கூடாது என்று மறுத்தார்.

பத்திரிகை யாருடையது? போர்டுடையதா, கம்பெனியுடையதா? அந்தச் சின்னக் கேள்வியில் பெரிய நட்பு முறிந்தது. 1915 அக்டோபரில் கசன்ஸ் பதவியை விட்டுவிட்டார்.

பிற்காலத்தில் அவர் டெட்ராய்ட் நகர மேயரானார். அமெரிக்க செனட் சபையில் உறுப்பினராகவும் இருந்தார்.

கோர்ட்டில் வழக்கு

அடுத்து, டாட்ஜ் சகோதரர்கள். 1914-லிருந்து அவர்களும் சொந்தமாகக் கார் செய்தார்கள். அதற்கு வேண்டிய பணம், போர்டு கம்பெனியில் வரும் லாபப் பங்கிலிருந்து கிடைத்தது.

1916-ல் போர்டு, இனி விசேஷ லாபப் பங்கு இல்லை என்று அறிவித்தார். பணத்தைப் போட்டு, ரூஜ் ஆற்றங்கரையில் மாபெரும் தொழிற்சாலை கட்டப் போவதாகச் சொன்னார். கார் விலையையும் குறைத்தார்.

டாட்ஜ் சகோதரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். லாபம், பங்குதாரர்கள் அனைவருக்கும் உரியது. போர்டு ஒருவர் இஷ்டத்துக்கு அதை நிறுத்திவைக்க முடியாது என்பது அவர்கள் வாதம்.

1919 பிப்ரவரியில் மிச்சிகன் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. தொழிற்சாலை கட்டுவதைக் கோர்ட்டு தடுக்கவில்லை. ஆனால் சுமார் 1 கோடியே 93 லட்சம் டாலரை லாபப் பங்காகக் கொடுக்கும்படி உத்தரவிட்டது. கம்பெனி நடத்துகிறவரின் அதிகாரத்துக்கு எல்லை எது என்பதற்கு, இன்றும் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கைச் சொல்லித் தருகிறார்கள்.

எல்லாம் எனக்கே

போர்டு ஒரு முடிவுக்கு வந்தார். இனி யாருக்கும் பதில் சொல்லக் கூடாது!

1918 டிசம்பரில் தலைவர் பதவியை ராஜிநாமா செய்தார். 25 வயது மகன் எட்சல் தலைவர் ஆனார். சில வாரத்தில், போர்டு இன்னொரு புதுக் கம்பெனி தொடங்கப் போகிறார், இன்னும் மலிவான கார் வரப்போகிறது என்ற செய்தி கிளம்பியது.

பங்குதாரர்கள் பயந்துவிட்டார்கள். போர்டு இல்லாத போர்டு கம்பெனிக்கு மதிப்பு ஏது? அந்தச் சமயம் பார்த்து, போர்டின் ஆட்கள் இரகசியமாகப் பங்குகளை வாங்கினார்கள்.

மொத்த விலை 10 கோடியே 58 லட்சம் டாலர். கசன்ஸுக்கு 2 கோடியே 93 லட்சம். டாட்ஜ் சகோதரர்களுக்கு இரண்டரைக் கோடி. 100 டாலர் கொடுத்த ஆசிரியை ரொசெட்டாவுக்கு 2,62,036 டாலர்!

1919-ல் கம்பெனி முழுவதும் போர்டு குடும்பத்தின் சொத்தாயிற்று. கேள்வி கேட்பார் இல்லை. தடுப்பாரும் இல்லை.

பெயருக்குத் தலைவர்

எட்சல் அமைதியானவர். படங்கள், கலைப் பொருள்கள் மீது பிரியம் உள்ளவர். காரின் அழகு பற்றி நல்ல ரசனை. கம்பெனியில் எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது.

நாற்காலி மகனுக்கு. அதிகாரம் தந்தைக்கு.

எட்சல் ஓர் உத்தரவு போடுவார். தந்தை அதை மாற்றுவார். நாளடைவில், எட்சலின் உத்தரவு கையில் வந்தாலும், பெரியவர் என்ன சொல்வாரோ என்று அதிகாரிகள் தயங்கினார்கள்.

திறமைசாலிகள் ஒவ்வொருவராகப் போனார்கள். 1921-ல் வில்லியம் நட்சன் விலகினார். அவர் போட்டிக் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்து, செவர்லே காரை வளர்த்தார்.

1922-ல் லிங்கன் கார் கம்பெனி ஏலத்துக்கு வந்தது. அதன் தலைவர், 20 ஆண்டுக்கு முன் போர்டின் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்த அதே லேலண்ட்! போர்டு 80 லட்சம் டாலருக்கு அதை வாங்கினார். நிர்வாகத்தை லேலண்டும் அவர் மகனுமே நடத்துவதாகப் பேச்சு. நான்கு மாதத்தில் இருவரும் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு காலத்தில் தான் பட்ட துன்பத்தை, போர்டு பிறருக்குத் தந்தார்.

தடுக்க ஆள் இல்லாததன் தீமை, கம்பெனிக்கு வெளியேயும் தெரிந்தது. தன் சொந்த வாரப் பத்திரிகையில் 1920 முதல் யூத மக்களைப் பழித்துக் கட்டுரைகள் வெளியிட்டார். பெரும் பழி சேர்ந்தது. வழக்கு வந்த பிறகு, 1927-ல் மன்னிப்புக் கேட்டுப் பத்திரிகையை மூடினார். அந்தக் கறை அவர் பெயரை விட்டுப் போகவில்லை.

சரிவு

டி மாடல் காரின் காலம் முடிந்துவிட்டது என்று எட்சல் கண்டுகொண்டார். மக்கள் புது நிறம், புது வசதி கேட்டார்கள். செவர்லே அதைக் கொடுத்தது. தந்தை கேட்கவில்லை.

1926 ஜனவரியில், எட்சலின் சகலையும் உப தலைவருமான எர்னஸ்ட் கான்ஸ்லர், புதிய கார் வேண்டும் என்று மிகப் பணிவாகக் கடிதம் எழுதினார். சில மாதத்தில் அவருக்கு வேலை போயிற்று!

1927 மே மாதம் டி மாடலை நிறுத்த வேண்டிய நிலை வந்தது. கையில் புதிய கார் தயாராக இல்லை. சுமார் ஆறு மாதம் தொழிற்சாலை மூடிக் கிடந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் கூலி இல்லாமல் தவித்தன.

அந்த டிசம்பரில் வந்த ஏ மாடல் கார், மறுபடி வெற்றி பெற்றது. என்ஜின் தந்தையின் பொறுப்பு. தோற்றம் மகனின் பொறுப்பு. பொறுப்பைப் பிரித்துக் கொண்ட அந்த ஒரு தடவை, இருவரும் ஜெயித்தார்கள். 40 லட்சம் கார்களுக்கு மேல் விற்றன.

ஆனால் அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக் பூட்ட வேண்டும் என்று எட்சல் கேட்டார். மற்ற கம்பெனிகளில் அது வந்து பல ஆண்டு ஆகியும், போர்டு கார்களில் 1939-ல்தான் வந்தது.

நடுவில் மூன்றாவது ஆள்

ஹாரி பென்னட் என்பவர் தொழிற்சாலைக் காவல் படையின் தலைவர். கிழவருக்கு அவரிடம் அளவு கடந்த நம்பிக்கை. பெரிய பதவி இல்லை. ஆனால் அவர் சொன்னதே சட்டம்.

தொழிற்சங்கத்துடன் பேசித் தீர்க்கலாம் என்பது எட்சலின் எண்ணம். தந்தையோ அந்தப் பொறுப்பைப் பென்னட்டிடம் கொடுத்தார். 1937 மே மாதம், ரூஜ் தொழிற்சாலை வாசலில் சங்கத் தலைவர்களைப் பென்னட்டின் ஆட்கள் அடித்து நொறுக்கினார்கள். 1941-ல் பெரிய வேலை நிறுத்தம் வந்த பிறகே சங்கத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. கிளாராவின் பிடிவாதமே கிழவரை இளகச் செய்தது என்பார்கள்.

1940-ல் இன்னொரு அவமானம். பிரிட்டிஷ் யுத்த விமானங்களுக்கான மெர்லின் என்ஜின்களைச் செய்து தருவதாக எட்சல் அரசாங்கத்திடம் ஒப்புக்கொண்டார். அரசாங்கத்தின் சார்பில் பேசியவர் அதே நட்சன். தந்தையும் முதலில் தலையாட்டினார். பிறகு, பிரிட்டனுக்குச் செய்ய மாட்டேன் என்று மறுத்துவிட்டார். தலைவர் கொடுத்த வாக்கு, நாட்டின் முன்னிலையில் பொய்யாயிற்று. வேலை பாக்கார்டு கம்பெனிக்குப் போனது.

எட்சலின் உடல்நிலை கெட்டது. வயிற்றுப் புண், பிறகு புற்று நோய். 1943-ம் ஆண்டு மே 26-ந் தேதி, 49 வயதில் எட்சல் இறந்தார். 24 ஆண்டு தலைவராக இருந்தவர், ஒரு நாளாவது தலைவராக இருந்தாரா என்பது சந்தேகம்தான்.

பேரன் கேட்ட வரம்

79 வயதுக் கிழவர் மறுபடி தலைவரானார். மூளையும் தளர்ந்துவிட்டது. கம்பெனி பென்னட்டின் கைக்குப் போய்விடும் போலிருந்தது. யுத்த காலத்தில் விமானங்கள் செய்துகொண்டிருந்த கம்பெனி அது. அரசாங்கமே கவலைப்பட்டு, கடற்படையில் இருந்த பேரனை விடுவித்து அனுப்பியது. பேரன் பெயரும் ஹென்றி போர்டுதான்.

கடைசியில் பெண்கள் இருவர் எழுந்து நின்றார்கள். ஒருவர், கிழவரின் மனைவி கிளாரா. மற்றவர், எட்சலின் மனைவி எலினார். பேரனைத் தலைவராக்காவிட்டால், தன் பங்குகளை வெளியாருக்கு விற்றுவிடுவேன் என்று எலினார் சொல்லிவிட்டார்.

கிழவர் பேரனைக் கூப்பிட்டுப் பதவியைக் கொடுத்தார். 28 வயதுப் பேரன், உடனே வாங்கிக்கொள்ளவில்லை. எந்த மாற்றத்தையும் தன் இஷ்டப்படி செய்யும் முழு அதிகாரம் தந்தால்தான் ஏற்பேன் என்றார். தகப்பன் கேட்கத் தவறியதை மகன் கேட்டார். வாக்குவாதம் நடந்தது. கிழவர் இணங்கினார்.

1945 செப்டம்பர் 21-ந் தேதி பேரன் தலைவரானார். முதல் வேலையாகப் பென்னட்டை விலக்கினார். நஷ்டத்தில் கிடந்த கம்பெனி மறுபடி எழுந்தது.

விளக்கு வெளிச்சத்தில்

1947-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி. ரூஜ் ஆற்றில் வெள்ளம். போர்டு வீட்டின் மின்சார நிலையம் நின்றுவிட்டது. மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும் எரிந்தன. அந்த வெளிச்சத்தில், 83 வயதில், ஹென்றி போர்டு காலமானார். பிறந்தபோது எரிந்தது போன்ற விளக்கே, இறந்தபோதும் எரிந்தது.

ஒரு காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள். ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தையும் வேலையையும் திட்டமாக வகுத்துக் கொடுத்தவர் அவர். மனிதர்களுக்கு மட்டும் அதைச் செய்யத் தவறிவிட்டார்.

கடை வைக்கும் நண்பர்களும், கூட்டாகத் தொழில் செய்யும் அண்ணன் தம்பிகளும் முதலில் பங்கைப் பிரித்துக் கொள்கிறார்கள். அதனுடன், எதில் யார் சொல் கடைசிச் சொல் என்பதையும் முதல் நாளே பேசி எழுதிக்கொள்வது நல்லது. பிள்ளைக்குப் பொறுப்புக் கொடுக்கும் தகப்பனார், சாவியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.